விரல் வைக்கக் கூடாத கணினி

மார்ச் 3

மதிப்பிற்குரிய நண்பருக்கு,

நீங்கள் நேற்றுக் காலை என் வீட்டிலிருந்து புறப்பட்டீர்கள். நேற்று மாலை நான் வகுப்பு முடிந்து வந்து என் கணினியின் முன் உட்கார்ந்தபோது அது என்னுடையதாக இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள தொடர்பை விளக்க வேண்டியவர் நீங்கள்.

நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன். பிறகு 'நீ சொன்னது புரியல' என்று நழுவ இடம் இருக்கக் கூடாது. திரையின் பின்னணியில் நான் வைத்திருந்த முறிந்த அச்சுத்தண்டின் படம் போய்விட்டது. அங்கே இப்போது ஏதோ ஓர் ஏரி. இடது ஓரத்தில் வரிசையாக நின்ற கோப்புறைகளைக் காணவில்லை. அடியில் ஒரு புதிய பட்டை. அது நான் கேட்காமலேயே எனக்கு வானிலை சொல்கிறது. ஜன்னலைத் திறந்தால் தெரிகிற செய்தியைச் சொல்ல எனக்கு ஓர் இயந்திரம் தேவையில்லை. சுருங்கச் சொன்னால், இயங்குதளமே மாறிவிட்டது. ஆண்டுக்கணக்காக நான் மாற்ற மறுத்ததும், வரும்போதெல்லாம் 'இன்னும் இந்தக் கிழட்டு சிஸ்டத்தையா கட்டிக்கிட்டு அழறே?' என்று நீங்கள் கேலி செய்ததுமான பழையது போய், புதியது வந்து சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

இவை பொறுத்துக்கொள்ளத் தக்கவை. என் நூலுக்கு நேர்ந்தது அப்படியல்ல. உலோகக் களைப்பைப் பற்றி, அதாவது ஒரே பாரத்தைத் திரும்பத் திரும்பத் தாங்குகிற உலோகம் ஏன் ஒரு நாள் முன்னறிவிப்பின்றி முறிகிறது என்பதைப் பற்றி, நான் எழுதி வந்த நூலின் எல்லா இயல்களும் கோப்புகளாக அப்படியே இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியவில்லை. தமிழ் இருந்த இடத்தில் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளும், அந்நிய நாணயக் குறிகளும், தலைகீழ்க் கேள்விக்குறிகளும் நிற்கின்றன. காரணம் இது: நாம் இருவரும் விடுதி நாள்களில் உருவாக்கிய எழுத்துருவில்தான் நூல் முழுவதையும் தட்டச்சு செய்திருந்தேன். இதை உங்களிடம் சொன்னதில்லை, சொல்லத் தோன்றவில்லை. புதிய இயங்குதளம் அதை ஏற்க மறுக்கிறது. 'இது எழுத்துருவே அல்ல' என்கிறது.

ஏப்ரல் முடிவதற்குள் நூல் கைக்கு வராவிட்டால் அதைக் கைவிடுவதாகப் பதிப்பாளர் எழுதிவிட்டார்.

அந்த அறைக்குள் வெளியாள் எவரும் வரவில்லை. என் மனைவி அந்தக் கணினியைத் தொடுவதில்லை. மிஞ்சுவது நீங்கள். அந்த அறையில்தான் படுத்திருந்தீர்கள்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். அழைத்தால் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வீர்கள், நான் சிரித்துவிடுவேன், விஷயம் அத்துடன் முடிந்துவிடும். இம்முறை அப்படி முடிவதை நான் விரும்பவில்லை. என்ன செய்தீர்கள் என்பதைத் தாளில் எழுதி அஞ்சலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பேராசிரியர், உலோகவியல் துறை

*

மார்ச் 8

தராசு,

'நீங்கள்', 'உங்களிடம்', 'புறப்பட்டீர்கள்'! வாசித்துவிட்டு, வேறு யாருக்கோ வந்த கடிதமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். விடுதியில் என் சோப்பைக் கரைத்துத் தீர்த்தவன், எனக்கு ஒட்டடை என்று பெயர் வைத்தவன், என் கல்யாண மேடையில் ஏறி, 'இந்த ஒட்டடைக்கும் கடைசியில ஒரு வீடு கிடைச்சிடுச்சு' என்று என் மாமனார் காது படச் சொன்னவன், இப்போது எனக்கு மரியாதை கொடுக்கிறான். இதைவிட நீ நாலு வசவு வைதிருக்கலாம்.

உன் கணினியில் நான் விரல் வைக்கவில்லை. தட்டவில்லை, தொடவில்லை, தூசிகூடத் துடைக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.

இப்போது கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு நான் சொல்வதைச் செய். நான் வேலை பார்க்கிற மருத்துவமனையில் எந்தத் தளத்தில் எந்தக் கணினி முரண்டு பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இதுவரை ஒன்றுகூட என்னிடம் ஜெயித்ததில்லை. உன்னுடையதும் ஜெயிக்காது.

புதியது ஏறும்போது பழையதை உடனே அழித்துவிடாது. ஒரு மூலையில் கட்டிப்போட்டு வைத்திருக்கும். 'அமைப்புகள்' என்று பல்சக்கரப் படம் ஒன்று இருக்கும். அதற்குள் 'மீட்பு'. அதற்குள் 'முந்தையதற்குத் திரும்பு' என்று ஒரு பொத்தான். அழுத்திவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வா. உன் உடைந்த அச்சுத்தண்டு திரும்பி வந்திருக்கும். ஆனால் அந்தப் பொத்தான் கொஞ்ச நாள்தான் இருக்கும். அப்புறம் பழையதை அதுவே குப்பையில் கொட்டிவிடும். அதனால்தான் நீ வேண்டாம் என்று எழுதியும் போன் பண்ணினேன். நீ எடுக்கவில்லை. வீட்டு எண்ணுக்குப் போட்டால் தங்கச்சி எடுத்தாள். "அண்ணே, அவர் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காரு. ஆனா இல்லேன்னு சொல்லச் சொல்றாரு" என்றாள். "சரிம்மா, தபால் வரும், உடனே பிரிக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். இதற்கு முன்னால் சில நாளாகத் திரையில் ஏதாவது பெட்டி திறந்து, புதியதற்கு மாறலாமா என்று கேட்டதா? நீ எதை அழுத்தினாய்?

அந்தக் குப்பை எழுத்தில் இரண்டு மூன்று வரிகளைக் கண்ணில் பட்டபடியே ஒரு தாளில் வரைந்து அனுப்பு. என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்தால்தான் என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும்.

ஒட்டடை

*

மார்ச் 27

நண்பருக்கு,

உங்கள் கடிதம் காலத்திலேயே வந்துவிட்டது. பிரிக்கப்படாமல் என் மேசையில் கிடந்தது. உள்ளே இருப்பது மன்னிப்பு என்றால் அது காத்திருக்கும். சாக்கு என்றால் அதற்கு அவசரமில்லை என்று நினைத்தேன். ஒரு பொத்தானின் ஆயுள் அதற்குள் இருக்கும் என்று நினைக்கவில்லை. நேற்று என் மனைவி அதைப் பிரித்து என் தட்டுக்கு அருகே வைத்தாள். "அண்ணன் மேல பழியைப் போட்டாச்சு. அவர் என்ன சொல்றாருன்னு படிக்கக்கூட மாட்டீங்க. இதுக்குப் பேருதான் ஆராய்ச்சியா?" என்று கேட்டாள். இது குறித்து உங்கள் கருத்து எனக்குத் தேவையில்லை.

பல்சக்கரத்தைக் கண்டேன். மீட்பையும் கண்டேன். பொத்தான் இல்லை. அது இருந்த இடத்தில் 'இந்த வசதி இனிக் கிடைக்காது' என்ற ஒரு வரி மட்டும் இருந்தது, வருந்துகிறோம் என்ற சொல்கூட இல்லாமல். கடைத்தெருவில் கணினி விற்பவரிடம் போனேன். "சார், அந்தப் பழசெல்லாம் இப்ப யாரும் குடுக்கறதில்ல. பேசாம மறுபடி டைப் அடிச்சிடுங்களேன்" என்றார், அறுந்துபோன சட்டைப் பொத்தானைத் தைக்கச் சொல்வதைப் போல. எதைப் பார்த்து மறுபடி அடிப்பது? நகல்களை வெவ்வேறு இடங்களில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். எல்லாவற்றிலும் அதே பிதற்றல்.

நீங்கள் குறிப்பிட்ட பெட்டி வந்தது. பல வாரங்களாக வந்தது. ஒருமுறைகூட நான் 'சரி' என்பதை அழுத்தியதில்லை. ஒவ்வொரு முறையும் மேல்மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினேன். நான் அழைக்காமல் வந்து கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. வாசலில் பொருள் விற்க வந்தவர் முகத்தில் கதவைச் சாத்துவது, அவர் பொருளை வாங்கிக்கொண்டதாக ஆகாது.

இனி, உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். 'உன் கணினியில் நான் விரல் வைக்கவில்லை.' வாழ்நாளில் பாதியை விடைத்தாள் திருத்துவதில் கழித்தவன் நான். ஒரு கேள்விக்கு இன்னொரு கேள்வியின் விடையை எழுதுகிற மாணவனை முதல் வரியிலேயே அடையாளம் தெரியும். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். என்ன செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கேள்வியை மாற்றுகிறேன். உங்களுக்கு என்ன தெரியும்?

நீங்கள் கேட்டபடி, நூலின் தொடக்கப் பக்கங்களிலிருந்து மூன்று வரிகளை, திரையில் கண்டவாறு கையால் வரைந்து இணைத்திருக்கிறேன். எந்த மூன்று வரிகள் என்று எனக்கே தெரியவில்லை. தான் எழுதியதைத் தானே வாசிக்க முடியாமல், எறும்பின் கால்களை வரைவது போல ஒருவன் வரைந்துகொண்டிருப்பது எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு விளக்கும் மனநிலையில் நான் இல்லை.

இப்படிக்கு,
மேற்படி பேராசிரியர்

*

ஏப்ரல் 2

தராசு,

சரி. கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

நான் வந்த அன்று சாயங்காலம் ரயில் நேரம் பார்க்கலாம் என்று உன் மேசைக்குப் போய் மவுஸை நோக்கிக் கையை நீட்டினேன். கூடத்தில் உன் துறைக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சி டீ கொண்டு வந்தாள். நீ அங்கிருந்தே சத்தம் போட்டாய்: "டேய், அதுல விரல் வைக்காதே! அது உங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் இல்ல. உள்ள புத்தகம் இருக்கு." அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்தான் எல்லாவற்றுக்கும் சிரிப்பவன் ஆயிற்றே.

எங்கள் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? யாருக்கு எந்த வகை ரத்தம் என்று இருக்கிறது. எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து ஆகாது என்று இருக்கிறது. அது படுத்துக்கொண்டால் மாடியில் ஆபரேஷன் நிற்கும். உன் புத்தகம் ஒரு வருஷம் தள்ளிப்போனால் எந்த இரும்பும் செத்துப்போகாது.

புறப்பட்ட அன்று காலை நீ குளித்துக்கொண்டிருந்தாய். திரை எரிந்துகொண்டிருந்தது. நடுவில் அந்தப் பெட்டி. அது எதையும் கேட்கவில்லை. 'இன்று உங்கள் கணினி மாற்றப்படும்' என்று நேரம் போட்டு அறிவித்திருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ரத்து செய்ய இங்கே அழுத்தவும். ஒரே ஒரு அழுத்து. எங்கள் மருத்துவமனையில் அதே பெட்டியை ஒவ்வொரு கணினியாகப் போய் நிறுத்தியவன் நான்தான். அதற்கும் அடியில், இன்னும் பொடியாக, இன்னொரு வரி: இந்தப் பெட்டியை மூடினால் சம்மதித்ததாகக் கொள்ளப்படும். வாரக்கணக்காகப் பெருக்கல் குறியை அழுத்தினாயே, ஒவ்வொன்றும் அவர்களுக்கு 'சரி'தான். வாடகை ஒப்பந்தத்தைக் கடைசி முற்றுப்புள்ளி வரை படித்து வீட்டுக்காரரை அழ வைத்தவன் நீ. இதை மட்டும் படிக்கவில்லை, கேட்டவன் முகம் பிடிக்கவில்லை என்பதற்காக.

நான் என்ன செய்தேன்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். 'விரல் வைக்காதேன்னான், வைக்கல' என்று உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஏக சந்தோஷம். நீ துண்டோடு வந்து, "என்னடா இன்னும் உட்கார்ந்திருக்கே, டீ ஆறுது" என்றாய். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். பழசு போனால் நாலு நாள் புலம்புவாய், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இன்னும் நம் எழுத்திலேயே அடிக்கிறாய் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். அதை வாசித்துவிட்டேன்.

ஆமாம், வாசித்துவிட்டேன். தலைகீழ்க் கேள்விக்குறி நம்முடைய ஞ. வட்டத்தின் தலையில் இரட்டைப் புள்ளி வைத்திருக்கிறாயே, அது ழ. மறந்துவிட்டாயா? விசைகளுக்கு எண் கொடுத்தவன் நீ; எழுத்தை வரைந்தவன் நான். விடுதிச் சாப்பாட்டு மேசையில், கட்டம் போட்ட தாளில், ஒரு மழைக்காலம் முழுக்க. எந்த எழுத்து எந்தக் குறியின் வீட்டில் குடியிருந்தது என்று என் கைக்கு இன்னும் தெரியும். முதல் வரி: 'உலோகம் திடீரென்று முறிவதில்லை, முறிந்த பிறகுதான் நாம் அதைத் திடீரென்று கவனிக்கிறோம்.' நன்றாகத்தான் எழுதுகிறாய், சனியனே. இரண்டாவது வரி உன் மாணவர்களுக்கு நன்றி. மூன்றாவது வரி: 'எழுத்துரு ஆக்கத்தில் உதவிய நண்பருக்கும் நன்றி.'

உதவிய நண்பர்!

நீ மெத்தையில் படுத்துக்கொண்டு 'லு இன்னும் கொஞ்சம் குண்டா இருக்கட்டும்' என்று சொன்னாய். அது உதவி. நான் செய்தது உதவி அல்ல.

புத்தகம் முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பு. திருப்பித் தமிழாக்கித் தருகிறேன். உனக்காக இல்லை. என் எழுத்து அங்கே கை கால் முறிந்து கிடக்கிறது. அப்படியே விட்டுவிட்டு இருக்க என்னால் முடியாது.

ஒட்டடை

*

ஏப்ரல் 7

நண்பருக்கு,

பென் டிரைவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை கோபத்துடன். இரண்டாம் முறை இன்னும் கூடுதலான கோபத்துடன். வீடு பற்றிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தும் அருகில் அமர்ந்து செய்தித்தாள் வாசித்த ஒருவர், தீக்குச்சியைத் தாம் தொடவில்லை என்று சொல்வது உண்மைதான். அந்த உண்மையை நான் மதிப்பதாக எதிர்பார்க்க வேண்டாம்.

ஆயினும், நான் சொன்ன ஒன்று தவறு. உங்கள் மருத்துவமனைக் கணினியைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அன்று சிரித்த இருவரிடமும் நேற்றுத் துறையில் அவ்வாறே தெரிவித்தேன். "சார், அது எந்த ஜோக்கு?" என்று ஒருவர் விழித்தார். ஞாபகப்படுத்தி, பிறகு திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நாலு பேர் முன்னால் சொன்னதைத் தபாலில் மட்டும் திரும்பப் பெறுவது முறையல்ல.

கதவைச் சாத்துவதையே வரவேற்பு என்று எழுதி வைத்தவர்கள் மீது எனக்குள்ள கோபம் தனி. அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அவர்களிடமிருந்து பதில் வராது என்பது எனக்குத் தெரியும். உங்களிடமிருந்து வரும் என்பதால்தான் உங்கள் மீது இத்தனை கோபம்.

மூன்றாவது வரியைப் பற்றி இப்போது நான் எதுவும் சொல்வதற்கில்லை. நூலில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் நண்பர்

*

ஏப்ரல் 20

தராசு,

முடிந்தது. அதே பென் டிரைவில் அதே இயல்கள், தமிழில்.

சும்மா முடியவில்லை. எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று வரிசைப்படுத்தி, மாற்றுவதற்கு ஒரு சின்ன நிரல் எழுதினேன். முதல் தடவை ஓட்டினால் கொம்பெல்லாம் பக்கத்து எழுத்தின் மேல் ஏறிக்கொண்டது. அந்தக் காலத்தில் நாம் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், கொம்பை முதலில் அடிப்போம். இப்போதைய முறையில் எழுத்து முன்னால், கொம்பு பின்னால். உன் புத்தகத்தில் ஒரு 'வெப்பம்'கூட வெப்பமாக இல்லை. நிரலை மறுபடி எழுதினேன். சாப்பாட்டு இடைவேளையில் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்து, "என்ன சார் இப்படி முகத்தை வச்சிருக்கீங்க, யாருக்கு சீரியஸ்?" என்றார்.

"ஒரு புத்தகத்துக்கு."

"பிழைக்குமா?"

"என் கைக்கு வந்துடுச்சில்ல? பிழைக்கும்."

பிழைத்துவிட்டது. அதோடு, என் பழைய எழுத்துகளையும் புதிய முறைக்கு ஏற்ற எழுத்துருவாகச் செய்து உள்ளே வைத்திருக்கிறேன். அதே ஞ. அதே ழ, அதே வால். இனி எந்த இயங்குதளம் வந்தாலும் 'இது எழுத்துருவே அல்ல' என்று என் எழுத்தைப் பார்த்து ஒருத்தனும் சொல்ல மாட்டான்.

காற்புள்ளியைத் தொடவில்லை. ஐந்தாம் இயலில் ஓரிடத்தில் 'களைப்பு' என்பதற்குப் பதிலாக 'அலுப்பு' என்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன். விரல் வைக்கவில்லை.

மூன்றாவது வரியிலும் வைக்கவில்லை. உதவிய நண்பர் அங்கேயே இருக்கிறார். நன்றி கேட்டு நான் எழுதவில்லை. இருக்கிற நன்றியை எடுத்துவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. நடந்ததைத் தப்பாக எழுதாதே, அவ்வளவுதான்.

அன்று காலை நான் அந்த ஒரு அழுத்து அழுத்தியிருக்க வேண்டும். இதை ஒரு தடவைதான் எழுதுவேன். பத்திரமாக வைத்துக்கொள்.

ஒட்டடை

*

மே 9

ஒட்டடை,

நூல் கெடுவுக்குள் பதிப்பாளரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. 'அலுப்பு' திருத்தப்பட்டது.

தொடக்கப் பக்கங்களின் அச்சுப்படி நேற்று வந்தது. கூடவே பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். "சார், இந்த ழ-வை எங்க பிடிச்சீங்க? இப்படி ஒரு வாலை நான் பார்த்ததே இல்லையே!" என்றார். நான் எங்கும் பிடிக்கவில்லை என்றும், அதை வரைந்தவன் எனக்கு நண்பன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டதாக என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம்.

உன் பார்வைக்காக அந்தப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். மூன்றாவது வரி இப்போது இப்படி இருக்கிறது: 'இந்நூலின் எழுத்துகளை வரைந்தவன் என் நண்பன். அவை உருக்குலைந்தபோது அவற்றை வாசிக்கத் தெரிந்திருந்த ஒரே ஆளும் அவனே.' நன்றி என்ற சொல்லை எடுத்துவிட்டேன். இது உபசாரம் அல்ல, நடந்தது. ஆகவே இதில் ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்ல உனக்கு உரிமையில்லை.

என் கோபம் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. நீ செய்தித்தாள் வாசித்ததை நான் மறக்கப் போவதில்லை. உன் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்ததை என் மனைவி மறக்கப் போவதில்லை. இந்த வீட்டில் உன் கட்சிதான் பலமாக இருக்கிறது.

இன்று காலை அந்தக் கணினி மறுபடியும் ஒரு பெட்டியைத் திறந்து எதையோ அறிவித்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொடி எழுத்து உட்பட முழுவதையும் வாசித்தேன். அடுத்த ஞாயிறு வரை அவகாசம் தந்திருக்கிறது. எங்கே அழுத்தினால் ரத்தாகும் என்பது இப்போது எனக்கும் தெரியும். அழுத்தவில்லை. மூலையில் இருக்கும் பெருக்கல் குறியையும் தொடவில்லை. பெட்டி திறந்தபடியே இருக்கிறது.

ஞாயிற்றுக்குள் வந்து விரல் வை.

தராசு